கடைசி முழங்கால் தண்ணீர்

வெள்ளாற்றங்கரையில் ஓர் இறால் பண்ணையில் நான்கு வருடம் டெக்னீசியனாக இருந்தேன். அந்த வேலையில் பாதி, தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதுதான். விடிந்ததும் கரையில் நின்று 'கலர்' பார்ப்போம். பால் கம்மியாக விட்ட டீ மாதிரி இளம்பழுப்பாக இருந்தால் டயட்டம், அதாவது கண்ணாடி ஓடு கட்டும் நுண்பாசி, நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கரும்பச்சையாகி, பெயிண்ட் கொட்டினாற்போல மேலே படலம் கட்டினால் நீலப்பச்சைப் பாசி ஏறிவிட்டது, அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்குவோம். 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள் அது கண்ணுக்கு மறைய வேண்டும். அப்புறம் பி.எச்., அமோனியா, உப்பு, விடியற்கால ஆக்சிஜன். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு நோட்டு இருந்தது.

தண்ணீர் வெளியேறும் வாய்க்காலுக்கு மட்டும் நோட்டு இல்லை. அந்த வாய்க்காலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன், டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பண்ணைகளில் வளர்க்கும் வெளிநாட்டு வகையான வனாமி இறால் ஒரு டன் எடுக்க ஏறக்குறைய ஒன்றரை டன் தீவனம் போடுகிறோம். தீவனத்தில் புரதம் 35 சதவீதம் என்று வைத்தால் அதற்குள் இருக்கும் நைட்ரஜன் 84 கிலோ. பிடித்துக் கொண்டுபோகும் இறாலின் உடம்பில் இருப்பது 30 கிலோ போல. மீதி ஐம்பது கிலோவுக்கு மேல், தின்னாத தீவனமாகவும் கழிவாகவும் குளத்துக்குள்ளேயே நிற்கிறது. யூரியாவாக மாற்றிப் பாருங்கள், 45 கிலோ மூட்டை இரண்டரை. ஒரு டன் இறாலுக்கு இது. கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் அடிமண்ணில் தங்கும், சரி. மற்றது மதகு வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற இடமும் பாசி வளர்கிற இடம்தான். யூரியா போட்டால் பயிர் மட்டுமா வளரும், களையும் வளருமே.

அறுவடை இரவு ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முன்னிரவில் மதகைத் திறந்தோம். முதலில் வந்த தண்ணீர் பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. விடியற்காலையில் குளம் முழங்கால் அளவுக்கு இறங்கிய பிறகு வந்தது வேறு. வலைக்காரர்கள் இறங்கி மிதிக்க மிதிக்க அடிக் கசடு எழும்பி, கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தது. வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் அக்கா ஒருவர், பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குனிந்திருந்தார். சட்டென்று நிமிர்ந்து கரையேறினார்.

"தண்ணி தொறக்கறத முன்னாடியே சொல்லியிருந்தா அக்கரைப் பக்கம் போயிருப்பேனே தம்பி. இனி நாலு நாளைக்கு இங்க கை வைக்க முடியாது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழகிப்போன குரல். அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அன்று பகலில் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். ஒன்று வாய்க்காலுக்கு வெகு மேலே ஆற்றில், இன்னொன்று அது சேரும் வாயில். இறால் குஞ்சைச் சோதிக்கப் பண்ணையில் ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. ஆற்றுத் தண்ணீரின் ஒரு சொட்டில் திருவிழாக் கூட்டம். சல்லடைத் தட்டு மாதிரி வட்ட வட்டமாக டயட்டம், முள் நீட்டிச் சங்கிலியாகக் கோத்த கீட்டோசெராஸ் என்ற இன்னொரு டயட்டம், நடுவில் துள்ளித் துள்ளி ஓடும் கோப்பிபாட் என்ற பொடி உயிர். வாய்க்கால் சொட்டில் கசடும், பச்சை நூல் நூலாக ஒரே வகைப் பாசியும். துள்ளுவது ஒன்றையும் காணோம். ஒரு நாள், இரண்டு பாட்டில், இது ஆராய்ச்சி ஆகாது என்று தெரியும். ஆனால் இதன் காரணம் கடல் உயிரியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. டயட்டம் ஓடு கட்டுவதற்கு சிலிக்கா வேண்டும். நாம் தண்ணீரில் சேர்ப்பது நைட்ரஜனும் பாஸ்பரசும். ஒரு பக்கச் சாப்பாடு மட்டும் கூடினால், சிலிக்கா தேவைப்படாத பாசிகள் முந்திக்கொள்ளும். அவை பகலில் ஆக்சிஜன் விடும். இரவில் அவையும் சேர்ந்து உறிஞ்சும். மொத்தமாகச் செத்து மடியும் நாளில் தண்ணீரில் மூச்சே இருக்காது. குளத்தில் என்றால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடுகிறது. வாய்க்காலுக்கு யார் ஏரேட்டர் வைப்பார்?

மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே இதே கீட்டோசெராஸைத் தனி அறையில், விளக்குப் போட்டு, உரம் கொடுத்து, பிள்ளை வளர்ப்பது போல வளர்ப்பார்கள். முட்டையிலிருந்து வந்த இறால் குஞ்சுக்கு முதல் சாப்பாடு அதுதான். அது இல்லாவிட்டால் தொட்டியோடு குஞ்சுகள் செத்துப்போய்விடும். இந்த டயட்டமும் அதைத் தின்னும் கோப்பிபாட்டும் கழிமுகத்தில் சும்மா கிடைப்பதால்தான் வெள்ளை இறாலும் மடவையும் நண்டும் அங்கே குஞ்சாக வந்து வளர்கின்றன. பொரிப்பகத்தில் பணம் செலவழித்து வளர்க்கும் ஒன்றை வெளியே நாமே கெடுக்கிறோம்.

தண்ணீரை உள்ளே இழுப்பதிலும் ஒரு கதை உண்டு. நோய் வரக்கூடாது என்று, இழுத்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு எல்லாவற்றையும் சாகடித்துவிட்டுத்தான் பாசியைப் புதிதாக வரவழைப்போம். அந்த 'எல்லாவற்றிலும்' மீன் முட்டையும் நண்டுக் குஞ்சும் அடக்கம்.

பண்ணைகள்தான் ஒரே குற்றவாளி என்று சொல்லவில்லை. ஊர்ச் சாக்கடை வருகிறது, வயல் உரமும் வடிகிறது. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அந்தப் பாசியையும் இறால் பண்ணை தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அவரவர் பங்கை அவரவர் அளக்காவிட்டால் ஆற்றின் கணக்கை யார் பார்ப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கடற்கரையோரப் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது. வெளியேற்றும் தண்ணீருக்கு அளவுகோல்கள் இருக்கின்றன. 2009-இல் வனாமிக்கு அனுமதி தந்தபோது, கழிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிக்கும் குட்டை வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. நான் இருந்த பண்ணையிலும் அந்தக் குட்டை இருந்தது. இரண்டாம் வருடம் அதிலும் இறால் குஞ்சு விட்டு வளர்ப்புக் குளமாக்கிவிட்டார்கள். இறாலில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் வெளிநாட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அந்த விஷயத்தில் எல்லோரும் பயந்து நடந்தார்கள். வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. நான்கு வருடத்தில் எங்கள் வாய்க்கால் முனையில் ஒருவர்கூடப் பாட்டிலோடு வந்து நான் பார்த்ததில்லை.

பண்ணையை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. குத்தகைக்கு இரண்டு மூன்று ஏக்கர் எடுத்து, தீவனக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நடத்துகிறவர்கள் என் நண்பர்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரே வாரத்தில் அவர்கள் நிலைமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் இரண்டே விஷயம் கேட்கிறேன்.

குளத்தைக் காலி செய்யும்போது கசடில் பெரும்பகுதி கடைசியில் வரும் தண்ணீரோடுதான் போகிறது. அந்தக் கடைசி முழங்கால் தண்ணீரை மட்டுமாவது ஆற்றில் விடாதீர்கள். தேக்குங்கள், கசடு அடங்கட்டும். குட்டையில் மடவையும் பால்கெண்டையும் விட்டால் மிச்சத்தை மேயும், ஆளிச் சிப்பியைக் கயிற்றில் கட்டினால் தண்ணீரை வடிகட்டும். இடம் இல்லை என்பீர்கள். தனித்தனியாக இல்லைதான். ஒரே வாய்க்காலில் விடும் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குட்டைக்கு இடம் வராதா?

இன்னொன்று, என்றைக்கு மதகு திறக்கிறீர்கள் என்று இரண்டு நாள் முன்னாடி கீழே இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். இறால் விலையை நிமிடத்துக்கு நிமிடம் வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அதில் இந்தத் தேதியையும் போடலாம். அந்த அக்காவிடம் போன் இருக்கிறதா என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாற்று மிதவை உயிர்களைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் இடம். அங்கே படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அடுத்த அறுவடைக்குத் தன் வாய்க்காலை அளந்து பார்க்கலாம் என்று ஒரே ஒரு பண்ணைக்காரர் சம்மதித்தாலும் போதும், மதகு திறக்கும் முன்னும் பின்னும் பாட்டிலோடு நான் வந்து நிற்கிறேன்.