ஆள் இருக்கா என்று கேட்டே கொன்றுவிடுகிறோம்

புதுசாக ஒரு ஷூட்டர் கேம் வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. "ஆள் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். துப்பாக்கி எவ்வளவு உதைக்கிறது, மேப் எப்படி, எதிரியின் காலடிச் சத்தம் சரியான திசையிலிருந்து கேட்கிறதா, இதெல்லாம் அப்புறம். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற எண் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாக வந்து விழும். மூன்றாம் நாள் அந்த எண் கொஞ்சம் இறங்கியிருந்தால் "செத்துப் போச்சு டா" என்று ஒருவன் எழுதுவான். எழுதியவன் கேமை டவுன்லோடுகூடச் செய்திருக்க மாட்டான்.

பெரிய கம்பெனிகளுக்குத் துணிச்சல் இல்லை, எல்லாம் ஒரே அச்சு, புதுசுக்குக் காசு போடப் பயப்படுகிறார்கள் என்று திட்டாத ஷூட்டர் ரசிகர் கிடையாது. ஆனால் கொஞ்ச காலமாக எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்தப் பயம் நமக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் பப்ளிஷர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வியை, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சந்தேகம் பப்ளிஷர்களுக்குப் புதிதில்லை. மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியே வந்த இரண்டு பேர் 1996இல் வால்வ் கம்பெனியைத் தொடங்கி, ஹாஃப்-லைஃப் கேமைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது பல பப்ளிஷர்கள் கையை விரித்தார்கள். முதல் கேமிலேயே இவ்வளவு பெரிய ஆசையா என்பது அவர்கள் எண்ணம். கடைசியில் சியரா ஒப்புக்கொண்டது. அதற்கப்புறமும் செய்தவரை திருப்தி இல்லாமல் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டுத் திரும்பச் செய்து, 1998 நவம்பரில்தான் வெளியிட்டார்கள். டூம் என்ற ஷூட்டரைச் செய்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கடை அலமாரியையே அவர்கள் நம்பவில்லை. 1993 டிசம்பர் 10ஆம் தேதி விஸ்கான்சின் பல்கலைக்கழக சர்வரில் முதல் பாகத்தை இலவசமாக ஏற்றிவிட்டு, பிடித்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்துச் சந்தேகம் கேமைப் பற்றியது. இந்தப் பையன்கள் செய்து முடிப்பார்களா, கம்ப்யூட்டர் தாங்குமா என்கிற மாதிரி. இப்போதைய சந்தேகம் முழுக்க நம்மைப் பற்றியது. லட்சக்கணக்கில் வருவார்களா, வந்தவர்கள் இரண்டு வருடம் தங்குவார்களா, தங்கும் காலத்தில் ஸ்கின் (துப்பாக்கிக்கும் ஆளுக்கும் போடும் அலங்காரத் தோற்றம்) வாங்குவார்களா? முந்தைய கேள்விக்கு ராப்பகலாக உழைத்துப் பதில் சொல்லலாம். இந்தக் கேள்விக்கு எந்த புரோகிராமர் பதில் சொல்வார்?

அதனால்தான் விநோதமான முடிவுகளெல்லாம் வருகின்றன. ஹையீனாஸ் என்று ஒரு ஷூட்டர். சேகா பணம் போட்டது, கிரியேட்டிவ் அசெம்பிளி வருடக்கணக்கில் உழைத்தது, 2023இல் பீட்டா (சோதனைப் பதிப்பு) ஓட்டிப் பார்த்தார்கள், செப்டம்பர் முடிவதற்குள் மொத்தமாக ரத்து. சோனியின் கான்கார்ட் கதை நேர்மாறு. அவர்கள் பின்வாங்கவில்லை. 2024 ஆகஸ்ட் 23இல் 40 அமெரிக்க டாலருக்கு வந்தது. செப்டம்பர் 6ஆம் தேதி சர்வரை நிறுத்தி எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். ஸ்டீமில் ஒரே நேரத்தில் விளையாடியவர்களின் உச்ச எண்ணிக்கை 700ஐக்கூடத் தொடவில்லை.

அந்த விலை தப்புக் கணக்குதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அதே ரகத்தில் வேலரன்ட், ஓவர்வாட்ச் 2 எல்லாம் இலவசமாகக் கிடக்கும்போது ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் யார் எடுத்து வைப்பார்? ஆனால் எங்கள் வட்டத்தில் அதை விளையாடியவர் ஒருவரும் இல்லை, கருத்துச் சொல்லாதவரும் ஒருவரும் இல்லை. உடை சரியில்லை, முகம் சரியில்லை என்று வாரக்கணக்கில் மீம் ஓடியது. நிஜமாக விளையாடிப் பார்த்து எழுதியவர்களில் பலர் சுடுவது நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதைப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

இலவசம் என்றாலும் தப்பிக்க முடியாது. யூபிசாஃப்டின் எக்ஸ்டிஃபையன்ட் 2024 மே மாதம் வந்து 2025 ஜூனில் போய்விட்டது. (யூபிசாஃப்ட் என்றதும் சிங்கப்பூரில் அவர்கள் ஸ்டுடியோ இருக்கும் நம் ஒன்-நார்த் வட்டாரம் ஞாபகம் வருகிறது. அங்கே செய்த ஸ்கல் அண்ட் போன்ஸ் ஷூட்டர் இல்லை, கப்பல் சண்டை. 2017இல் அறிவித்தது, 2024 பிப்ரவரியில் வந்தது. பெரிய பட்ஜெட் கேமை 'மூன்று ஏ' என்பார்கள்; கம்பெனித் தலைவர் இதை 'நான்கு ஏ' கேம் என்று சொல்லப்போய், அந்தப் பட்டம் கேமைவிடப் பிரபலமாகிவிட்டது. ஊரே சிரித்தது. இங்கே உட்கார்ந்து செய்த கேம் என்பதால் எனக்கு அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை.)

நம் கூச்சலுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்தால் அதுவும் வேடிக்கைதான். 2016இல் கால் ஆஃப் டியூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர் டிரெய்லர் வந்தபோது யூடியூபில் 30 லட்சத்துக்கும் மேல் டிஸ்லைக் விழுந்தது. விண்வெளியா, வேண்டவே வேண்டாம் என்று உலகமே கத்தியது. அந்த வருடம் அமெரிக்காவில் அதிகம் விற்ற கேம் அதுதான். அதே 2016இல் டைட்டன்ஃபால் 2 வந்தது. விளையாடியவர்கள் இன்றுவரை அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அக்டோபர் 21இல் பேட்டில்ஃபீல்ட் 1, நவம்பர் 4இல் இன்ஃபினிட் வார்ஃபேர், நடுவே 28ஆம் தேதி இது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. திட்டியதும் விற்பனையைத் தடுக்கவில்லை, பாராட்டியதும் தூக்கி நிறுத்தவில்லை.

அந்த அடிக்கு அப்புறம், டைட்டன்ஃபால் 2 செய்த ரெஸ்பான் ஸ்டுடியோ செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2019 பிப்ரவரி 4ஆம் தேதி, முன்கூட்டி டிரெய்லர் கிடையாது, விளம்பரம் கிடையாது, ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸை அப்படியே வெளியே விட்டார்கள். சந்தேகப்படுகிறவர்களை மாதக்கணக்கில் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பதைவிடக் கேமே பேசட்டும் என்று அந்தக் குழு முடிவெடுத்திருந்தது. ஒரே வாரத்தில் இரண்டரைக் கோடிப் பேர். நாம் வாயைத் திறப்பதற்கு முன்னால் கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்னாலும், சிங்கப்பூரில் உட்கார்ந்து "ஆள் இருக்கா?" என்று கேட்பவனை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பவனுக்கு இது புரியாது.

ஒரு பேச்சுக்கு, உலகம் முழுக்க மூவாயிரம் பேர் ஒரு ஷூட்டரை விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்ல கூட்டம். ஆனால் நமக்கு இரவு பத்து மணி என்றால் நியூயார்க்கில் அப்போது காலை. ஐரோப்பாவில் பலர் இன்னும் வேலையில். அந்த மூவாயிரத்தில் நம் பக்கத்து சர்வருக்கு ஒரு கைப்பிடிதான் வரும். அதையும் நாலு மோடாக, அதாவது ஆட்ட வகையாகப் பிரி. ரேங்க் வாரியாகப் பிரி. சிலர் ஏற்கெனவே ஆட்டத்தின் நடுவில். ஆறுக்கு ஆறு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் சேர வேண்டும், சேரமாட்டார்கள்.

அப்படி ஒரு கேமின் (பெயர் வேண்டாம்) லாபியில், அதாவது ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் இடத்தில், நானும் தவம் கிடந்திருக்கிறேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். திரையில் என் ஆள் துப்பாக்கியைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு நிற்பான். தேடும் எல்லையை விரிக்கிறோம் என்று ஒரு வரி வரும். அப்புறம் சிட்னி சர்வரில் தூக்கிப் போடும். பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், நூறு மில்லிசெகண்டைத் தொடும். சுவருக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிட்டேன் என்று என் திரை சொல்லும், நீ வெளியே நிற்கும்போதே செத்துவிட்டாய் என்று சர்வர் சொல்லும். சர்வர் சொல்வதுதான் சட்டம். உள்ளூர் சர்வரில் ஒற்றை இலக்க பிங்கில் விளையாடிப் பழகிய கைக்கு இது வேறு கேம். இரண்டு ராத்திரி இப்படிப் போனால் மூன்றாம் ராத்திரி ஆள் வரமாட்டான். ஒருவன் வராததால் லாபி இன்னும் மெதுவாகும், அதைப் பார்த்து அடுத்தவன் போவான். ஒரு ஷூட்டர் சாகும்போது கடைசி மூச்சு அமெரிக்காவில் விடலாம், ஆனால் கைகால் முதலில் விழுவது நம் பக்கத்தில்தான்.

இன்னொரு பக்கம், பழைய கேமை விட்டு ஐந்து பேரைக் கிளப்புவது எவ்வளவு பாடு தெரியுமா? ஒருவனுக்கு ஷிஃப்ட், ஒருவனுக்குக் கைக்குழந்தை, ஒருவன் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில் இருப்பான். ஐந்து பேருக்கும் ஒத்துவருகிற இரண்டு மணி நேரத்தைப் பிடிப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதைவிடக் கஷ்டம். அப்படிக் கிடைத்த நேரத்தில் அவர்கள் வேலரன்ட்டைத்தான் திறப்பார்கள். ஸ்கின்னில் நூற்றுக்கணக்கான வெள்ளி போட்டிருக்கிறார்கள், அதை வேறு கேமுக்கு எடுத்துப் போக முடியாது. ரேங்க் இருக்கிறது. போதாததற்கு நம்ம ஊர் அணி பேப்பர் ரெக்ஸ் 2025இல் டொராண்டோ மாஸ்டர்ஸ் கோப்பையை வேறு தூக்கிவிட்டது. அதற்கப்புறம் "வாங்கடா, புதுசா ஒண்ணு டிரை பண்ணலாம்" என்று எந்த வாயால் கேட்பது?

பப்ளிஷருக்கும் இது தெரியும். அதனால்தான் ஒரேயடியாகக் கூட்டத்தைத் திரட்டப் பார்க்கிறார்கள், திரளவில்லை என்றால் இரண்டு வாரத்தில் கடையைக் கட்டுகிறார்கள். அதைப் பார்த்து நாம் அடுத்த கேமில் இன்னும் தாமதமாகச் சேருகிறோம். கொஞ்சம் பொறு, நிலைக்கிறதா பார்ப்போம் என்று எல்லோரும் பொறுத்தால் எப்படி நிலைக்கும்?

நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்க்லேன் கட்டடத்தில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துச் சேர்ந்து ஆடும் லேன் கடைகள் இருந்தன. ஸ்கூல் யூனிஃபார்மில் பகலில் போனால் விரட்டிவிடுவார்கள், அதனால் பையில் ஒரு டிஷர்ட் எப்போதும் இருக்கும். ஏசி குளிர், கப் நூடல்ஸ் வாசம், ஒட்டிக்கொள்ளும் கீபோர்ட். கவுண்டர்-ஸ்டிரைக் உலகத்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று அந்தக் கடையில் ஒருவனும் கேட்டதில்லை. வரிசைக்கு ஐந்து பேர், எதிர் வரிசையில் ஐந்து பேர், அது போதும். சர்வர் கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் ஓடியது. ஒருவன் ஏமாற்றினால் பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான், அதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

அது சாத்தியமானதற்குக் காரணம் ஏக்கமும் இல்லை, நட்பும் இல்லை. ஹாஃப்-லைஃபை ஒட்டி வந்த அந்தக் கேமுக்கான சர்வர் மென்பொருளை வால்வ் இலவசமாகக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். கவுண்டர்-ஸ்டிரைக்கே 1999இல் ரசிகர்கள் இரண்டு பேர் செய்த மோட்தானே (இருக்கிற கேமை மாற்றிச் செய்வது), எந்த பப்ளிஷரிடமும் அனுமதி கேட்டுச் செய்தது இல்லை. டூமின் மூலநிரல் 1997இல் வெளியானது, இன்றைக்கும் அதற்குப் புது மேப் செய்துகொண்டிருக்கிறார்கள். இந்தக் கேம்களில் "ஆள் இருக்கா?" என்ற கேள்விக்குப் பத்துப் பேர் என்பதே முழுப் பதில்.

புது ஷூட்டர்களில் பெரும்பாலானவை, சர்வரை நாமே ஓட்டும் அந்தச் சாவியைத் தருவதில்லை. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வேண்டும் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. சொந்த சர்வரில் எல்லா ஸ்கின்னும் சும்மா கிடைத்துவிட்டால் யார் வாங்குவார் என்பதை வெளியே சொல்லமாட்டார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. சரி, கேம் ஓடும்வரை வைத்துக்கொள்ளுங்கள். மூடும்போதாவது கொடுக்கலாமே? கான்கார்ட் வாங்கியவர்களுக்குக் காசு திரும்பி வந்தது, ஆனால் அதை ரசித்த கொஞ்சம் பேருக்குக் கேம் வரவில்லை. ரசிகர்கள் சிலர் தாங்களாகவே ஒரு சர்வர் செய்து அதை ஓடவைக்க முயன்றபோது, அதைக் காட்டிய வீடியோக்களை நீக்கவைத்தார்கள். விற்க முடியாது என்று நீங்களே தூக்கிப் போட்ட பொருள், அதை வேறு ஒருவன் எடுத்து விளையாடினால் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஐரோப்பாவில் இதற்காகவே 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு மனு ஓடியது, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நம் ஊரில் இதைப் பற்றி ஒரு பேச்சும் கேட்கவில்லை. முதலில் சர்வர் காலியாகிற பக்கத்தில் இருப்பவர்கள் நாம்தான், நாம்தான் அதிகம் கத்தியிருக்க வேண்டும்.

அடுத்த புது ஷூட்டர் வந்தால் நான் பார்க்கப் போவது மூன்றே விஷயம். தனி லாபி திறக்க முடியுமா, ஆள் குறைந்தால் பாட் (கம்ப்யூட்டரே ஆட்டும் ஆள்) போட்டு ஆட முடியுமா, சர்வரை நாமே ஓட்ட முடியுமா. இரண்டுக்காவது ஆமாம் என்றால் வெளியான அன்றே எடுப்பேன். பிடிக்கவில்லை என்றால் ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டுத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அப்புறம், இந்த வெள்ளி இரவு வுட்லண்ட்ஸ் நண்பன் வீட்டில் பழைய கவுண்டர்-ஸ்டிரைக் சர்வர் போடுகிறோம். எட்டுப் பேர் சேர்ந்தாகிவிட்டது, இரண்டு இடம் காலி. மைக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.