கொடுப்பவருக்கு எதற்கு பிளீஸ்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகத்துக்கு வந்திருந்த விருந்தினர் ஒருவரிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டேன்: "வுட் யூ லைக் சம் காபி, பிளீஸ்?" அவர் ஒரு நொடி விழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பிளீஸ் என்பது கேட்கிறவர் வாயில் வர வேண்டிய சொல். கொடுக்கிறவர் சொன்னால், 'காபி குடித்து எனக்கு ஓர் உதவி செய்யுங்கள்' என்பதுபோல் ஆகிவிடும். அதன் இடம் பதிலில்: "யெஸ், பிளீஸ்."

நாம் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 'குடிக்கிறீர்களா' என்றாலே மரியாதை விகுதியிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. அதனால் 'வுட் யூ லைக்' அந்தச் சுமையைத் தூக்குகிறது. 'டூ யூ வான்ட்' நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். புதியவரிடம் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும்.

பணிவு என்று நாம் நினைப்பதெல்லாம் உபசரிப்பில் தலைகீழாகிவிடும். மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1972இல் ஒரு கேக்கை வைத்து இதைக் காட்டினார். விருந்து கொடுப்பவர் "யூ மஸ்ட் ஹேவ் சம் ஆஃப் திஸ் கேக்" என்கிறார். 'மஸ்ட்' கட்டளைதானே? ஆனால் இங்கே அதுதான் அதிக மரியாதை, 'ஷுட்' அதற்கும் கீழே. பவ்யமாகத் தெரியும் 'மே' கடைசி! "நீ சாப்பிடலாம், அனுமதி தந்தேன்" என்கிற தோரணை அதில் வந்துவிடுகிறது. வற்புறுத்தினால்தானே உபசாரம்? (இதே 'மஸ்ட்'டைப் போட்டுக் கடன் கேட்டுப் பாருங்கள், தெரியும்.)

எனக்குப் பிடித்தது 'சம்' என்ற குட்டிச் சொல். 'எனி காபி?' என்றால் வேண்டுமா, வேண்டாமா என்று வெறும் விசாரணை. 'சம் காபி?' என்றால் நீங்கள் சரி என்பீர்கள் என்று கேட்பவர் ஏற்கெனவே நம்பிவிட்டார். வாங்கிக்கொள்பவருக்குக் கூச்சம் குறைகிறது.

உதவிக்கும் இதே கதைதான். "டூ யூ நீட் ஹெல்ப்?" என்று கேட்டால், 'என்னால் முடியவில்லை' என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. "ஷல் ஐ டேக் தட் பேக்?" என்றால் தலையாட்டினால் போதும்.

அப்புறம், "வுட் யூ மைண்ட் இஃப் ஐ கேரீட் தட் ஃபார் யூ?" என்று, அதாவது 'நான் தூக்கி வந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா' என்று யாராவது கேட்டால், சம்மதம் என்பதற்குச் சரியான பதில் 'நோ'. இலக்கணம் தெரியும், ஆனால் வாயில் வருவது இன்றைக்கும் "யெஸ்... நோ... ஐ மீன், ஷ்யூர்" தான்.