‘பத்து வெள்ளிதானே, விடு’ என்பதில் பிழைக்கும் கடைகள்

ஆன்லைனில் வாங்கிய மலிவுப் பொருள் பழுதாக வந்தால் சிங்கப்பூரில் நம்மில் பலர் அதை ஒரு மூலையில் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆர்டர் போடுகிறோம். ‘பத்து வெள்ளிக்குப் போய் மல்லுக்கு நிக்கணுமா?’ என்ற நினைப்பு. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். பழுதான பத்துப் பொருளில் ஒன்றோ இரண்டோதான் திரும்பி வரும் என்ற தைரியத்தில்தான் சோதிக்காமலே அனுப்புகிறார்கள் என்பது என் எண்ணம். சட்டை அளவு சரியில்லை, தலைமுடி கிளிப் உடைந்துவிட்டது என்றால் விட்டுத் தொலையுங்கள். ஆனால் பிளக்கில் செருகுவதோ பேட்டரி உள்ளதோ பழுதாக வந்தால், எட்டு வெள்ளியானாலும் திருப்பிவிட வேண்டும் என்பதே என் கட்சி.

பார்சல் வந்ததும் ஆப் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும். கொஞ்சம் காயினும் (ஆப்பிலேயே செலவழிக்கும் புள்ளிகள்) தருவதாக ஆசை காட்டும். அழுத்தாதீர்கள். ஷாப்பி போன்ற தளங்களில் நீங்கள் கட்டிய காசு தளத்தின் கையில்தான் நிற்கிறது. நீங்கள் அழுத்தினாலோ, கெடு தேதி கடந்தாலோதான் அது கடைக்காரருக்குப் போகும். காசு கை மாறிய பிறகு கேட்பது இரட்டை வேலை. ஆர்டர் பக்கத்தில் கடைசி நாள் போட்டிருக்கும். அதற்குள் பொருளைப் பிரித்து, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தீபாவளிக்கு என்று முன்கூட்டியே வாங்கிப் பெட்டியோடு அடுக்கி வைப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, பழுது உண்மையிலேயே அந்தப் பொருளில்தானா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். கையடக்க மின்விசிறி, குட்டி விளக்கு, காது ஹெட்செட் பெட்டி ஆகியவற்றில் டைப்-சி துளை இருக்கும். புது போன் சார்ஜரில், இரண்டு முனையும் டைப்-சியான கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏறாது. பழைய அகல முனை யுஎஸ்பி சார்ஜரில், ஒரு முனை மட்டும் டைப்-சியான கேபிளைப் போட்டால் ஏறும். காரணம் இதுதான்: டைப்-சி துளையின் உள்ளே சிசி என்ற இரு ஊசிகளில் தலா ஒரு 5.1 கிலோ ஓம் மின்தடை வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ‘மறுபக்கம் ஒரு கருவி இருக்கிறது’ என்று சார்ஜர் புரிந்துகொண்டு மின்சாரம் விடும். சில காசுகூடப் பெறாத அந்த இரண்டு மின்தடைகளையும் சில மலிவுக் கருவிகளில் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரரிடம் கேட்டால் ‘வேறு கேபிள் போடுங்க’ என்பார். விவரப் பக்கத்தில் டைப்-சி சார்ஜிங் என்று மட்டும் போட்டு, கேபிள் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் அது விவரத்துக்கு மாறான பொருள். திருப்பலாம்.

இதற்கு நேர்மாறாக, பழுதே இல்லாததைப் பழுது என்று சண்டை போடுவதும் நடக்கிறது. 20,000 மில்லி ஆம்பியர்மணி (mAh) என்று போட்ட பவர் பேங்கில் ‘12,500தான் வருது’ என்று புகார். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு. அதாவது 74 வாட்மணி. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது 14,800 ஆகிவிடும். மாற்றும்போது வீணாவதையும் கழித்தால் 12,500 முதல் 13,000 வரை வந்தாலே அது நல்ல பொருள். ஆறாயிரம்தான் வருகிறது என்றால் கேளுங்கள், அது மோசடி. மீட்டர்கூடத் தேவையில்லை, சமையலறைத் தராசில் வையுங்கள். 74 வாட்மணிக்கான லித்தியம் செல்லே ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். முழுப் பொருளும் 200 கிராம் என்று முள் காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தராசுப் படத்தையே ஆதாரமாக அனுப்பலாம்.

ஆதாரம் என்றால் இருட்டில் எடுத்த ஒற்றைப் படம் போதாது. வெட்டு ஒட்டு இல்லாத அரை நிமிட வீடியோ ஒன்று வேண்டும். முதலில் பார்சல் லேபிளில் உள்ள ஆர்டர் எண், பிறகு பொருளும் அதன் மாடல் எண்ணும். அடுத்து அதே சார்ஜர், அதே கேபிளில் உங்கள் போன் சார்ஜ் ஏறுவது. உடனே கேபிளைப் பிடுங்கி இந்தப் பொருளில் செருகி, ஏறாமல் நிற்பது. இந்த வரிசையில் இருந்தால் ‘உங்க சார்ஜர்தான் சரியில்லை’ என்ற பதிலுக்கு வழியே இருக்காது. விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாளே விவரத்தை மாற்றி எழுதும் கடைகள் உண்டு.

திருப்பும்போது காரணம் கேட்கும் பட்டியலில் பலர் சறுக்குகிறார்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தட்டினால் பிரித்த பொருளை ஏற்க மாட்டார்கள், அல்லது அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். பழுது என்றால் பழுது என்றே தேர்ந்தெடுங்கள். விவரத்தில் சொன்னது இல்லை என்றால் விவரத்துக்கு மாறானது. இரண்டும் பொருந்தினால் வீடியோவில் எது பளிச்சென்று தெரிகிறதோ அது.

உடனே சாட்டில் கடைக்காரர் வருவார், ரொம்பப் பணிவாக. ‘டியர், 3 வெள்ளி தர்றோம், ரிக்வெஸ்டை மட்டும் கேன்சல் பண்ணிடுங்க’ என்பார். கேன்சல் செய்யாதீர்கள். கேன்சல் செய்ததும் தளத்தின் கண்ணில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இதற்குள் கெடு தேதியும் போயிருக்கும். ‘வாட்ஸ்அப்புக்கு வாங்க, பேநவ் நம்பர் குடுங்க’ என்று, வங்கிக்கு நேரே காசு அனுப்பும் வழிக்கு இழுத்தாலும் வேண்டாம். பேச்செல்லாம் ஆப்புக்கு உள்ளேயே இருக்கட்டும், தளம் நடுவராக வரும்போது அதைத்தான் படிக்கும். பாதிக் காசை வாங்கிக்கொண்டு பொருளை வைத்துக்கொள்ளும் பேரம், கீறல் விழுந்த டிபன் பாக்ஸுக்குச் சரி. சூடாகும் சார்ஜருக்கு அந்தப் பேரமே கூடாது. காசு பாதி திரும்பும், ஆபத்து முழுசாக வீட்டில் இருக்கும்.

சார்ஜர் என்றதும் இன்னொன்று. பிளக்கில் நேரே செருகும் அடாப்டர், மேசை விசிறி, கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், ஹேர் டிரையர் போன்றவை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். அரசின் பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்த எண்ணை அரசின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். முத்திரை இல்லாத படத்தை இணைத்து ‘இதை இங்கே விற்க அனுமதி இருக்கிறதா?’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதுவரை இழுத்தடித்த கடைக்காரர் என்ன வேகத்தில் காசைத் திருப்புகிறார் என்று தெரியும்.

பேட்டரி உப்பியிருந்தால் திருப்பி அனுப்பவே கூடாது. பார்சல் லாக்கரிலோ தபாலிலோ போட்டால் வழியில் தீப்பிடிக்கலாம். உப்பிய பக்கத்தைப் படம் எடுத்து, ‘அனுப்ப முடியாது, பொருளைத் திருப்பாமலே பணம் வேண்டும்’ என்று கேளுங்கள். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். தயவுசெய்து வீவக அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மற்றப் பொருள்களைத் திருப்பி அனுப்பக் கட்டும்போது, கூட வந்த கேபிள், கையேடு, பெட்டி எல்லாம் உள்ளே போகட்டும். ஒன்று குறைந்தாலும் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். பெட்டியை ஒட்டும் வரை வீடியோ எடுங்கள். கொண்டுபோய்க் கொடுத்ததும் ஸ்கேன் ஆன ரசீதைப் படம் பிடியுங்கள். காசு திரும்பியதும் தொகையைப் பாருங்கள்: பொருள் விலையோடு நீங்கள் கட்டிய 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து வர வேண்டும்.

தளம் கைவிரித்தால்? விற்பவர் சிங்கப்பூர்க் கடையா என்று முதலில் பாருங்கள். இங்குள்ள கடை என்றால் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் உங்கள் பக்கம். பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த பழுது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. பழுது பார்ப்பதோ மாற்றித் தருவதோ அவர் செலவில். அது முடியாமல் போனால் விலைக் குறைப்பு அல்லது பணம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி வைத்தாலும் சட்டம் சட்டம்தான், தள்ளுபடி விலைக்கும் பொருந்தும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் பயனீட்டாளர் தொடுக்கும் 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளி, அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாகவே பதியலாம், வக்கீல் கிடையாது. பன்னிரண்டு வெள்ளிக்கு யாரும் அங்கே போகப் போவதில்லை. ஆனால் எண்பது வெள்ளி மிக்ஸிக்குத் தாராளமாகப் போகலாம். அதற்கு முன் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கடை என்றால் இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆளைப் பிடிப்பதே கஷ்டம், தபால் செலவு பொருளை விட அதிகம். அங்கே தளத்தின் உத்தரவாதமும் உங்கள் கார்டும்தான் துணை. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய காசை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம், பொதுவாக 120 நாள் அவகாசம். இந்த வீடியோவும் சாட்டும் அங்கேயும் உதவும்.

யாரும் பொருள் விற்கக்கூடிய கேரோசல் ஆப்பில் தனியாள் விற்பதற்கு லெமன் சட்டம் கிடையாது, அது வியாபாரிகளுக்குத்தான். பேநவ்வில் அனுப்பிய காசுக்கு சார்ஜ்பேக்கும் கிடையாது. அதனால் ஆப்புக்குள்ளேயே, வாங்குபவர் பாதுகாப்போடு காசு கட்டுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம், பேநவ் போடுங்க, 2 வெள்ளி குறைச்சுக்கிறேன்’ என்பவரிடம் சார்ஜர், பவர் பேங்க் வாங்காதீர்கள்.