ஏடிஎச்டி உள்ளவரோடு குடும்பம் நடத்துகிறவள் எழுதுகிறேன்

உங்கள் கட்டுரையில் பெரியவர்களின் ஏடிஎச்டியை (கவனக் குறைபாடு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) கைப்பேசிப் பழக்கத்தோடு சேர்த்துவிட்டீர்கள். அதிகாலையில் எழுந்து அட்டவணை போட்டால் சரியாகிவிடும் என்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும்; பெரியவரான பிறகு கைப்பேசியால் வருவதல்ல இது.

என் கணவர் மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் புரோகிராமர். நிரலில் ஒரு பிழையைத் துரத்த ஆரம்பித்தால் சாப்பாடு, நேரம் எதுவும் நினைவிருக்காது. அதே மனிதருக்கு ஒரு சின்ன மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது மலையாக நிற்கும். பிடித்த வேலைக்கு மட்டும் கவனம் வருகிறதே என்று மாமியார் கேட்பார். அலுவலகத்திலும் அதே பேச்சு. கவனத்தைத் தேவையான இடத்துக்குத் திருப்புவதுதான் அவருக்குச் சிரமம், அப்புறம் அங்கேயே நிறுத்தி வைப்பது. கரண்ட் பில், பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வருவது எல்லாம் என் தலையில் விழும்போது சண்டை வராமல் இருக்குமா?

இப்போது மனநல மருத்துவர் கொடுத்த மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்தை எடுக்கிறார். அதன் வேலை சில மணி நேரம்தான். காலையில் எடுத்தால் அலுவலகத்துக்கு உதவும். இரவு நான் பார்ப்பது மருந்தின் வேலை முடிந்துபோன மனிதரை. இது புரிந்த பிறகு பணம், பிள்ளை பற்றிய பேச்சையெல்லாம் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டோம். வேலைகளை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதித் தரும்படி மேலாளரிடமும் கேட்டார், தருகிறார்கள்.

அடுத்த கட்டுரையில் மருத்துவரிடம் போகும் வழியையும் தயவுசெய்து எழுதுங்கள்: முதலில் அரசாங்கக் கிளினிக், அங்கே கடிதம் வாங்கி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.