ஆட்டுமந்தை என்று சொல்லாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற வதை முகாம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். "ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, காவலுக்கு நின்றவர்கள் கொஞ்சம் பேர்தானே, ஏன் எதிர்த்து நிற்கவில்லை? ஆட்டுமந்தை மாதிரி போயிருக்கிறார்களே?" கேட்பவர்களில் பலர் நல்ல மனிதர்கள்தான், தெரியாமல்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இந்தக் கேள்வியை என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலில் வந்திறங்கியவர்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றை எடுத்தது, முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.-இன் ஆட்களே. 1944-இல் ஹங்கேரியிலிருந்து யூதர்களைக் கொண்டுவந்து கொட்டிய நாட்களில் எடுத்தவை. கிட்டத்தட்ட 200 படங்கள் கொண்ட அந்த ஆல்பம் லிலி யாக்கப் என்ற இளம்பெண்ணின் கையில் கிடைத்தது. அவரும் அதே போல ரயிலில் வந்து இறங்கியவர். போர் முடியும் நேரத்தில், ஜெர்மனியில் இருந்த டோரா என்ற இன்னொரு முகாமில், காவலர்கள் விட்டுப்போன ஒரு கட்டடத்தில் போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது அகப்பட்டது. திறந்து பார்த்தால் சொந்த ஊர்க்காரர்கள். ஊர் மதகுரு. பிறகு தன் தம்பிகள். அவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை.

அந்த ஆல்பத்தில் ஒரு படம். முதுகு வளைந்த ஒரு வயதான பெண்மணி, சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடந்துபோகிறார். நச்சுவாயு அறை இருக்கும் திசையில்தான் நடக்கிறார், அது அவருக்குத் தெரியாது. இவர் யாரை எதிர்த்து நின்றிருக்க வேண்டும்? எதைக் கொண்டு?

சரக்குப் பெட்டி ஒன்றில் எழுபது, எண்பது பேரை அடைத்துப் பூட்டியிருந்தார்கள். குடிக்க ஒரு வாளி, மலம் கழிக்க ஒரு வாளி. இரண்டு மூன்று நாட்கள் அப்படி வந்த பிறகு கதவு திறக்கிறது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, நாய்கள் குரைக்கின்றன, புரியாத மொழியில் அதட்டல். ஆண்கள் ஒரு வரிசை, பெண்களும் குழந்தைகளும் இன்னொரு வரிசை. யார் வேலைக்கு, யார் சாவுக்கு என்று டாக்டர் ஒருவர் விரலை அசைத்துப் பிரிக்கிறார். வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே செத்துவிடுவார்கள். அவர்களிடம் என்ன சொல்லப்பட்டது தெரியுமா? குளிக்கப் போகிறீர்கள், துணியைக் கழற்றி மாட்டுங்கள், கொக்கியின் எண்ணை நினைவு வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது குழப்பம் வராது. நாக்கு வறண்டு கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் கிடைக்கும் என்றுதான் ஒரு தாய் அந்த நிலத்தடி அறைக்குப் படியிறங்கியிருப்பாள். 1944 மே 15-இலிருந்து ஜூலை 9 வரை, எட்டு வாரத்துக்குள், நான்கு லட்சத்துக்கும் அதிகமான ஹங்கேரிய யூதர்களை இப்படிக் கொண்டுவந்தார்கள்.

சரி, அன்றைக்குச் சாகாமல் வேலைக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்? அவர்களாவது எதிர்த்திருக்கலாமே என்பார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். காலையில் அரை லிட்டர் கசப்புத் தண்ணீர், பெயர் காப்பி. மதியம் முக்கால் லிட்டர் கிழங்கு சூப். சாயங்காலம் 300 கிராம் அளவுக்கு ரொட்டி, கூட ஒரு துண்டு மார்கரினோ ஒரு கரண்டி ஜாமோ. அந்த ரொட்டியில்தான் மறுநாள் காலைக்கும் மிச்சம் வைக்க வேண்டும். வைத்தால் இரவில் திருடு போகும். எனவே தலைக்கடியில் வைத்துத் தூங்குவார்கள், அல்லது எப்படியும் போகட்டும் என்று அப்போதே தின்றுவிடுவார்கள். சூப் வரிசையில் முதல் ஆளாக நிற்கக் கூடாது, அண்டாவின் மேல்பாகம் வெறும் தண்ணீர். கிழங்குத் துண்டு அடியில்தான் கிடக்கும். கடைசியில் நின்றால் தீர்ந்துபோகும். எங்கே நிற்பது என்ற கணக்கிலேயே ஒரு மனிதனின் புத்தி முழுக்க செலவாகிறது. கரண்டி கொடுக்க மாட்டார்கள், ரொட்டி கொடுத்து வாங்க வேண்டும். மரக்கட்டைச் செருப்பு காலைக் கடித்துப் புண்ணாக்கும். புண் சீழ் பிடித்தால் வேகமாக நடக்க முடியாது. நடக்க முடியாதவன், வேலைக்கு ஆகாதவர்களைப் பிரித்தெடுக்கும் அடுத்த பொறுக்கலில் நச்சுவாயுவுக்குப் போவான். அங்கே செருப்பு கடிப்பது உயிர் போகிற விஷயம்.

இந்த நிலையில் இருப்பவர்களைப் பார்த்து நாம் வீரத்தைப் பற்றிக் கேட்கிறோம்.

யூதர்களுக்கு வீரம் போதாது என்று இன்னமும் நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 அக்டோபரில் சோவியத் போர்க்கைதிகள் சுமார் 10,000 பேரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் துப்பாக்கி பிடித்துப் பழகிய ராணுவ வீரர்கள். ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்கெனாவ் முகாமைக் கட்டுவதற்காக அவர்களைப் பிழிந்தார்கள். அடுத்த மார்ச்சில் ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை. ஜெர்மானியர் கையில் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கிச் சூட்டாலும் செத்த சோவியத் கைதிகள் மொத்தம் முப்பது லட்சத்தை ஒட்டி வருவார்கள். அவர்களை யாரும் ஆட்டுமந்தை என்று சொல்லிக் கேட்டதில்லை. சொல்லவும் கூடாது. பசி சிப்பாயையும் விடாது, தையல்காரரையும் விடாது.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்த்தார்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஆஷ்விட்ஸ் பக்கத்தில் யூனியன் என்ற வெடிபொருள் தொழிற்சாலை. குண்டுகளுக்கு ஃபியூஸ் செய்யும் இடம். அங்கே வெடிமருந்து அறையில் யூதப் பெண் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் திருடினார்கள். துணியிலும் காகிதத்திலும் மடித்து, உடைக்குள் ஒளித்து, வாசலில் சோதனையைக் கடந்து முகாமுக்குள் கொண்டுவந்தார்கள். அது கைமாறிக் கைமாறி ரோசா ரோபோட்டா என்ற பெண்ணிடம் வரும். அவர் அதை எரியுலைகளில் வேலை செய்ய வைக்கப்பட்ட யூதக் கைதிகளுக்குச் சேர்ப்பிப்பார். செத்தவர்களை உலைக்கு இழுத்துப்போகும் கொடுமையான வேலை அவர்களுடையது. கொஞ்ச நாளில் தங்களையும் கொன்றுவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். 1944 அக்டோபர் 7 அன்று அவர்கள் சுத்தியலும் கோடாரியும் கல்லுமாக எஸ்.எஸ். காவலர்கள்மேல் பாய்ந்தார்கள். நான்காம் எரியுலைக்குத் தீ வைத்தார்கள். அது பிறகு இயங்கவே இல்லை. காவலர் மூன்று பேர் செத்தார்கள். கைதிகள் தரப்பில் சுமார் 450 பேர்.

மருந்து எங்கிருந்து வந்தது என்று துருவினார்கள். ரோசா ரோபோட்டா, ஆலா கெர்ட்னர், எஸ்டூசியா வைஸ்பிளம், ரெகினா சஃபீர்ஸ்டைன் ஆகிய நால்வரையும் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 1945 ஜனவரி 6 அன்று, மற்ற பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்க்க வைத்து, தூக்கிலிட்டார்கள். சோவியத் ராணுவமான செஞ்சேனை அந்த முகாமுக்குள் நுழைந்தது ஜனவரி 27. மூன்று வாரம்! எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது. ரோசாவுக்கு வயது 23.

போலந்தில் இருந்த இன்னொரு கொலை முகாமான சோபிபோரில் 1943 அக்டோபர் 14 அன்று நடந்தது இன்னொரு கதை. புது கோட் தைத்திருக்கிறது, போட்டுப் பாருங்கள் என்று எஸ்.எஸ். அதிகாரியைத் தையல் கூடத்துக்கு அழைத்துக் கோடாரியால் வெட்டினார்கள். இன்னும் சிலரையும் இப்படியே தனித்தனியாக வரவழைத்து முடித்தார்கள். சுமார் 300 பேர் வேலியைத் தாண்டினார்கள். கண்ணிவெடியிலும் தேடுதல் வேட்டையிலும் பலர் மடிந்தார்கள். போர் முடியும்வரை பிழைத்தவர்கள் ஐம்பது பேர் அளவுக்குத்தான். முகாமுக்குள் தங்கிவிட்டவர்களை அப்படியே சுட்டுத் தள்ளினார்கள். ஒருவர் எதிர்த்தால் மற்ற எல்லாருக்கும் அதுதான் விலை. பக்கத்தில் படுத்திருக்கும் தம்பியின் உயிரையும் சேர்த்துப் பந்தயம் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அப்புறம், ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய ஸ்லோவாக்கிய யூதக் கைதிகள் ருடால்ஃப் விர்பாவும் ஆல்ஃபிரட் வெட்ஸ்லரும். 1944 ஏப்ரல் 7 அன்று, அடுக்கி வைத்த மரக்கட்டைகளுக்கு நடுவே குழியில் ஒளிந்தார்கள். மோப்ப நாய்க்குப் பிடிபடாமலிருக்கப் பெட்ரோலில் ஊறிய புகையிலையைச் சுற்றிலும் தூவிவைத்தார்கள். தேடுதல் ஓயும்வரை மூன்று நாட்கள் அப்படியே கிடந்துவிட்டு, ஸ்லோவாக்கியா வரை நடந்தார்கள். எத்தனை எரியுலை, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று மனதில் சுமந்துவந்த எல்லாவற்றையும் சொல்லி எழுத வைத்தார்கள். அந்த அறிக்கை ஏப்ரல் முடிவதற்குள் தயாராகிவிட்டது. ஹங்கேரியிலிருந்து பெரும் எண்ணிக்கையில் ரயில்கள் கிளம்பியது மே மாத நடுவில். அந்தச் செய்தி வெளியுலகத்துக்குப் பரவி, ரயில்கள் நிற்பதற்கு ஜூலை ஆகிவிட்டது. ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க விமானங்கள் ஆஷ்விட்ஸ் வட்டாரத்துக்கு வரத்தான் செய்தன. பக்கத்து மோனோவிட்ஸில் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் ஆலைமேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. நச்சுவாயு அறைகள் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

ஆக, "ஏன் எதுவும் செய்யவில்லை" என்று கேட்டே தீர வேண்டுமென்றால், கேட்பதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். 1939-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி செயின்ட் லூயிஸ் கப்பலில் வந்த, பெரும்பாலும் யூதர்களான 937 பேரில் மிகப் பெரும்பாலோரைக் கரையிறக்க விடாத கியூபாவைக் கேட்கலாம், கதவைத் திறக்காத அமெரிக்காவைக் கேட்கலாம். அவர்களில் 254 பேர் பிறகு நாஜிகள் கையில் செத்தார்கள். சாகக் கொண்டுபோன மக்களுக்கு எஸ்.எஸ். படையிடம் கிலோமீட்டருக்கு நான்கு ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) என்று டிக்கெட் காசு வசூலித்த ஜெர்மன் ரயில்வேயைக் கேட்கலாம். பத்து வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம், 400 பேருக்கு மேல் போனால் கூட்டச் சலுகை. ஒரு குமாஸ்தா உட்கார்ந்து இதைக் கூட்டிப் பெருக்கி ரசீது போட்டிருக்கிறான்.

ஐ.ஜி. ஃபார்பனையும் கேட்கலாம். கைதி ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு மார்க் என்று எஸ்.எஸ்.-க்கு வாடகை கட்டி ஆள் எடுத்த நிறுவனம் அது. கைதியின் கையில் ஒரு காசு வந்ததில்லை. அதன் இயக்குநர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் டெர் மேயர். போருக்குப் பிறகு நியூரம்பர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் அவருக்கு விதித்தது ஏழு ஆண்டுச் சிறை. அதையும் முழுதாக அனுபவிக்காமல் வெளியே வந்தார். 1956-இல் பேயர் என்ற ஜெர்மன் மருந்து, ரசாயன நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராக அவரை உட்கார வைத்தார்கள்.