11 சதவீத வளர்ச்சியும் பெரும்பாக்கம் பஸ்ஸும்

2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். வளர்ச்சி என்றாலே பணக்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்குகிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வராமல் போயிருந்தால், ஷிப்ட் பஸ்ஸில் வேலைக்குப் போகிற அத்தனை பெண்களுக்கும் சம்பளம் ஏது? ஆனால் "முதலில் வளரட்டும், மிச்சமெல்லாம் தானாக ஏழைகளுக்கு வந்து சேரும்" என்று எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போது கோபம் வருகிறது. தானாக எதுவும் வந்ததில்லை.

மத்திய அரசின் நிதி ஆயோக் போடும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டு மக்களில் ஏழைகள் 2.20 சதவீதம். நாடு முழுவதும் 14.96. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் நெடுநாள் செலவு இருக்கிறது. 1956இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, ஊருக்கு ஊர் ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம். பிரேசிலிலும் 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களுக்கு நேராகப் பணம் கொடுத்தது. அந்தப் பத்தாண்டில் அங்கே ஏற்றத்தாழ்வும் குறைந்தது.

சரி, 2.20க்கு வந்துவிட்டோம், வேலை முடிந்ததா?

எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் முன்பு சென்னைக்குள்ளேயே கூவம் ஆற்றங்கரையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் குடியிருந்தார். நடந்தே வந்து நான்கு வீடு பார்ப்பார். அங்கிருந்து காலி செய்து, ஊருக்கு வெளியே தெற்கே இருக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் அரசு வீடு கொடுத்தார்கள். இப்போது இரண்டு வீடுதான் பார்க்க முடிகிறது. காலையில் டீலக்ஸ் பஸ் வந்தால் ஏறமாட்டார். பெண்களுக்கு இலவசம் சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் என்பதால் அது வரும்வரை நிற்பார். லேட்டானால் பேச்சு வாங்குவதும் அவர்தான்.

வறுமைக் குறியீடு வருமானத்தைக் கேட்பதில்லை. ஊட்டச்சத்து, படிப்பு, கழிப்பறை, கரண்ட், வீடு, வங்கிக் கணக்கு என்றுதான் பார்க்கும். அதெல்லாம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் காங்கிரீட் வீடும் தனிக் கழிப்பறையும் கிடைத்த இந்த அக்கா முன்னேறியவர். கையில் வரும் காசோ பாதியாகிவிட்டது. பக்கத்திலேயே சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே அந்தக் குடியிருப்புப் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கான்ட்ராக்டில் துப்புரவு வேலை.

சென்னையில் ஏற்றத்தாழ்வு என்பது சம்பள வித்தியாசம் மட்டும் கிடையாது. யார் வேலைக்குப் பக்கத்தில் இருக்கலாம், யார் ஊருக்கு வெளியே போக வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. மெரினா பக்கம் நொச்சிக்குப்பத்தில் பழைய குடியிருப்பை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்களே, அது முடிந்ததுதானே? ஆற்றங்கரை மக்களுக்கும் நகரத்துக்குள்ளேயே நிலம் ஒதுக்குங்கள். அதுவரைக்கும் விடியற்காலையில் பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பும் சாதாரணக் கட்டண பஸ்களையாவது கூட்டுங்கள்.