‘படி படி’ என்கிறீர்களே, எப்படி?

சனிக்கிழமை எங்கள் பள்ளியில் ஒரு பேச்சாளரை அழைத்து நடத்திய நிகழ்ச்சியைப் பற்றி மூன்று நாளாக வெளியில் எதுவும் எழுதாமல்தான் இருந்தேன். படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், முன்வரிசையில் விம்மி அழும் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். நிகழ்ச்சியின் பெயர் ‘வெற்றிகரமாகப் படிப்பது எப்படி’. இரண்டரை மணி நேரம். அம்மாவின் கை காய்த்துப் போனது வந்தது, அப்பாவின் செருப்பு தேய்ந்தது வந்தது. எப்படிப் படிப்பது என்பது மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

இதை ஆசிரியர் குழுவில் கேட்டதற்குத்தான் “நல்லது செய்ய வந்தவரைக் குறை சொல்லாதீங்க டீச்சர்” என்று அத்தனை பேர் பாய்ந்தீர்கள். சரி, குறை சொல்லவில்லை. அழவைக்கத் தெரிந்தவர் அழவைத்துவிட்டுப் போனார், சால்வையும் போட்டோம். திங்கட்கிழமை காலை அதே பிள்ளைகள் அதே புத்தகத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து அதே மாதிரி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். வேறு வழி அவர்களுக்கு யார் சொன்னது?

பத்து வருடம் பள்ளியில் வைத்திருக்கிறோம். “படி” என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்! எப்படி என்று ஒரு பீரியட் நடத்தியிருப்போமா?

போன மாதம் ஒரு பையனுக்கு ‘நியூரானின் (நரம்பு செல்லின்) அமைப்பு’ விடையைப் பத்து முறை இம்போசிஷன் கொடுத்தேன். ஆமாம், நானேதான் கொடுத்தேன். எழுதி வந்தான். நோட்டை மூடிவிட்டுச் சொல் என்றேன். விடையின் தொடக்கத்தில் வரும் ‘சைட்டான்’ என்ற சொல்லைத் தாண்டவில்லை. அவன் ஏமாற்றவில்லை, பத்தும் அவன் கையெழுத்துதான். இரண்டாவது தடவைக்குமேல் கை மட்டும் எழுதியிருக்கிறது, தலை எங்கேயோ போய்விட்டது. இரண்டு மணி நேரம் உழைத்த பிள்ளையை ‘சோம்பேறி’ என்று திட்ட வாய் வரை வந்தது. அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

இப்போது நான் செய்வது ரொம்பச் சாதாரணம். பாடம் முடிந்ததும் கடைசி ஏழு நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்கிறேன். வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். அப்புறம் திறந்து பார்த்து, விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து அதே பாடம் மறுபடி, அடுத்த வாரம் இன்னொரு தடவை. மார்க் கிடையாது, யாரையும் எழுப்பி நிற்கவைப்பதும் கிடையாது. “அதான் தினமும் டெஸ்ட் வைக்கிறோமே” என்பவர்களுக்கு: நீங்கள் வைக்கும் டெஸ்ட் நீங்கள் தெரிந்துகொள்வதற்கு. இது பிள்ளை தனக்கு எது தெரியவில்லை என்று தானே தெரிந்துகொள்வதற்கு.

இது என் கற்பனையும் இல்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பத்தியை ஒரு பிரிவு திரும்பப் படித்தது, இன்னொரு பிரிவு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42தான். “நேத்து ராத்திரி எல்லாம் தெரிஞ்சது மிஸ், ஹாலில் மறந்துபோச்சு” என்று அழும் பிள்ளையை நாம் எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்?

வெளிநாட்டுச் சரக்கு என்கிறீர்களா? நன்னூலைத் திறந்து பாருங்கள். கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் (கேட்டதற்கு விடை சொல்வது) என்று மாணவனுக்குப் பவணந்தியார் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். வாசித்ததையே வாசித்துக்கொண்டிரு என்று அவர் சொல்லவில்லை.

“போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை, இதில் இது வேறயா?” தெரியும், எனக்கும் அதே போர்ஷன்தான். டிசம்பரில் முடித்துவிட்டு ஜனவரியில் முதல் பாடத்தைக் கேட்டால் வகுப்பே முழிக்கிறதே, அந்தப் போர்ஷனை யாருக்காக முடித்தோம்? ரிவிஷன் என்று மறுபடி முதலிலிருந்து நடத்துகிறோமே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது? கேள்வித்தாளே மனப்பாடத்துக்குத்தானே என்பவர்களுக்குப் பெரிதாகப் பதில் இல்லை. இருக்கட்டும், மனப்பாடமும் இப்படிச் செய்தால்தான் நிற்கும்.

“எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாங்கள் படிக்கவில்லையா?” இதை எழுதிய சாருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை சார். பத்தாவதில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தவள் நான். கலர் கலராக அடிக்கோடு போட்டுப் படித்தேன். எந்த விடை எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியும், படத்துக்குக் கீழே என்று தெரியும். விடை மட்டும் வராது. அறிவியலில் 41. “விடிய விடிய லைட்டைப் போட்டுக் கரண்டுதான் செலவு, இது மண்டையில ஏறாத ஜென்மம்” என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அக்காவை வைத்துக்கொண்டே சொன்னார்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி துணி துவைத்துக்கொண்டே தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பதில் சொல்வாள். தடுக்கும் இடத்தில் மட்டும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தைப் பார்ப்பாள். எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் அவள். அடிப்பாவி, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. நான்கு மணிக்கு எழுந்த அந்த ஒரு வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது? அப்பாவும் இப்போது இல்லை.

நீங்கள் படித்துவிட்டீர்கள் சார், சந்தோஷம். உங்களோடு படித்து, தேறாமல் உட்கார்ந்து போனவர்களை எண்ணிப் பார்த்தீர்களா?

நேற்று ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் கையெழுத்துக் கேட்டார்கள். அவர்களுக்கு மட்டும் மினிமம் மெட்டீரியல் (பாஸாக மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பு) ஜெராக்ஸ், மாலை ஆறு மணி வரை உட்காரவைத்து வாசிக்கவைக்க வேண்டுமாம். திரும்பவும் வாசிப்பு! போன தேர்வு மார்க்கை வைத்து அலுவலகத்திலேயே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள், நான் கையெழுத்துப் போட்டால் போதும். மூன்றாவது பெயர் அந்த நியூரான் பையனுடையது. போன வாரம் வெள்ளைத்தாளில் சைட்டானைத் தாண்டி ஆக்சான் வரை பார்க்காமல் எழுதினவன்.

கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.